பார்வதிபுரம் ஞாயிறு வகுப்பு: த்ரெட்டுகள் ஒன்றோடொன்று பேசுவதை எட்டு வாரம் படித்தேன்

இந்த வகுப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று வைகாசியிலேயே நினைத்தேன். ஆடி முடியட்டும், அதுவரை என் நிரல் நிற்காமல் ஓடுகிறதா பார்த்துவிட்டு எழுதுவோம் என்று தள்ளி வைத்தேன். இப்போது ஆவணி வந்துவிட்டது. எழுதலாம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தல் பக்கம் உள்ள காற்றாலைகளில் சிலவற்றிலிருந்து தரவு சேகரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் ஏழு வருடமாக ஜாவா மொழியில் நிரல் எழுதுகிறேன். காற்றின் வேகம், உற்பத்தியான மின்சாரம், கியர்பாக்ஸ் சூடு என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சராசரி எண்கள் வரும். இடையில் எச்சரிக்கைச் செய்திகளும் வரும். 12 த்ரெட்டுகள், அதாவது ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைகள், அவற்றை வாங்கும். 4 த்ரெட்டுகள் தரவுத்தளத்தில் எழுதும். நடுவில் தரவு காத்திருக்கும் வரிசையாக ஒரு கியூ. அதன் கொள்ளளவு வெறும் 2. மின்சாரம் போனால் நினைவகத்தில் இருப்பதெல்லாம் போய்விடும், அதனால் அங்கே அதிகம் தேங்க விடக்கூடாது என்று எனக்கு முன்னால் இருந்தவர் அப்படி வைத்திருந்தார்.

போன வருட ஆடியில் இந்த நிரல் வாரத்துக்கு இரண்டு தடவை நின்றது. பிழைச் செய்தி எதுவும் வராது. சிபியு சும்மா இருக்கும். நினைவகமும் நன்றாக இருக்கும். ஆனால் தரவுத்தளத்தில் ஒரு வரி புதிதாக ஏறாது. இரவு இரண்டு மணிக்குப் போன் வரும். எழுந்து ரீஸ்டார்ட் செய்தால் ஓடும். காரணம் தெரியாமல் ஒன்றை ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருப்பது எவ்வளவு சங்கடம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மறுநாள் மேலாளர் கேட்கும்போது சொல்ல வாயில் வார்த்தை இருக்காது.

அப்போதுதான் தக்கலையில் இருக்கும் தோழி இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னாள். பெங்களூரில் 25 வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒருவர் பார்வதிபுரத்தில் தன் வீட்டு மாடியில் நடத்துகிறார். போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது, படித்தவர்கள் சொல்லித்தான் ஆள் வருகிறது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு தொடங்கி எட்டு ஞாயிறு. மதியம் இரண்டு மணி முதல் ஐந்தரை வரை. காலையில் வைத்தால் பாதிப் பேர் பூசைக்கும் ஆராதனைக்கும் போக வேண்டியிருக்கும் என்பதால் மதியம். கட்டணம் 4,000 ரூபாய். எங்கள் பேட்சில் ஒன்பது பேர். மார்த்தாண்டம், குளச்சல், இரணியல் என்று பல இடங்களிலிருந்து வந்திருந்தார்கள். நான் தோவாளையிலிருந்து வடசேரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து டவுன் பஸ். ஐந்தரைக்கு விட்டால் இருட்டும் முன் வீடு வந்துவிடலாம். தனியாகப் போய்வரும் பெண்களுக்கு இது முக்கியம் என்பதால் சொல்கிறேன்.

வகுப்புக்கு ஒரே பாடம்தான்: ஒரு நிரலுக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது அவை ஒன்றுக்கொன்று எப்படிச் செய்தி சொல்லிக்கொள்கின்றன, எப்படிக் காத்திருக்கின்றன. த்ரெட்டை உருவாக்குவது எப்படி என்பதற்கு முதல் நாள் அரை மணி நேரம்தான் கொடுத்தார். "ஓட விடுறதுக்கு ரெண்டு வரி போதும். நிக்க வைக்கிறதுக்கும் எழுப்புறதுக்கும்தான் படிக்கணும்" என்றார். முன்பு வேறொரு ஊரில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போய் இதே தலைப்பைப் படித்திருக்கிறேன். அங்கே நேர்முகத் தேர்வில் கேட்கும் கேள்விகளுக்கு வரையறை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். த்ரெட்டைக் காக்க வைக்கும் வெயிட், ஸ்லீப் என்ற இரண்டு கட்டளைகளுக்கும் ஐந்து வேறுபாடு எழுதச் சொன்னால் இன்றைக்கும் எழுதுவேன். ஆனால் அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என் நிரல் ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டாவது வாரம் அவர் காட்டிய ஒரு சின்ன நிரல் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு த்ரெட் ஒரு கொடியை, அதாவது ஆம் அல்லது இல்லை என்று மட்டும் இருக்கும் ஒரு மதிப்பை, பார்த்துக்கொண்டே சுற்றுகிறது. கொடி மாறினால் நின்றுவிட வேண்டும். இன்னொரு த்ரெட் ஒரு விநாடி கழித்து அந்தக் கொடியை மாற்றுகிறது. ஓட விட்டார். நிற்கவில்லை. கொடி மாறிவிட்டது என்று திரையில் எழுதியே காட்டினார், அப்போதும் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றுக்குள் எதையாவது அச்சிடும் ஒரு வரி சேர்த்தார். உடனே நின்றது. அந்த வரியை எடுத்தார். மறுபடி நிற்கவில்லை. ஒன்பது பேரும் நாற்காலியை விட்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்விட்டோம்.

ஒரு த்ரெட் மாற்றியது இன்னொரு த்ரெட்டின் கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அடிக்கடி ஓடும் பகுதியை ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) வேகப்படுத்தும்போது, இந்தக் கொடியைச் சுற்றுக்குள் யாரும் மாற்றவில்லையே என்று ஒரே ஒரு தடவை படித்து வைத்துக்கொள்கிறது. வாலடைல் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்க்கிறது. அச்சிடும் வரி சேர்த்தபோது நின்றது எப்படி? அந்த வரிக்குள் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் ஒரு பூட்டு இருக்கிறது, அதனால் ஜேவிஎம்மால் அந்தச் சுருக்கு வழியில் போக முடியவில்லை. பிழையைத் தேடுவதற்காக அச்சிடும் வரியைச் சேர்த்தால் பிழையே மறைந்துவிடுகிறது. எத்தனை இரவு இதைப் பார்த்து என் கண்ணே பொய் சொல்கிறதோ என்று நினைத்திருக்கிறேன்!

நான்காவது வாரம்தான் எனக்கு இந்த வகுப்பு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேசையில் ஒரு எவர்சில்வர் தட்டு. ஒரு சீப்பு மட்டிப் பழம். ஒரு துண்டு. தட்டில் ஒரே ஒரு பழம்தான் இருக்கலாம். துண்டு யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் தட்டைத் தொடலாம். துண்டுதான் பூட்டு. பழம் வைப்பவர்கள் இரண்டு பேர்: நானும் மார்த்தாண்டத்துத் தம்பியும். பழம் எடுப்பவர்கள் இரண்டு பேர்: குளச்சலிலிருந்து வரும் அக்காவும், வங்கி மென்பொருள் எழுதும் ஒரு அண்ணனும். வைக்கப் போகும்போது தட்டு நிறைந்திருந்தால், எடுக்கப் போகும்போது தட்டு காலியாக இருந்தால், துண்டை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் வெயிட். ஒருவர் வேலையை முடித்ததும் சார் ஒரே ஒருவரின் தோளைத் தட்டுவார். அதுதான் நோட்டிஃபை. தட்டப்பட்டவர் எழுந்து துண்டுக்குப் போட்டி போடலாம். யாரைத் தட்டுவது என்று நாங்கள் சொல்ல முடியாது. முதலில் உறங்கியவரை முதலில் எழுப்புகிறேன் என்று சார் வைத்துக்கொண்டார்.

முதலில் எடுப்பவர்கள் இருவரும் வந்தார்கள். தட்டு காலி. அக்கா உறங்கினார், அண்ணனும் உறங்கினார். நான் துண்டை எடுத்து ஒரு பழம் வைத்தேன். சார் அக்காவின் தோளைத் தட்டினார். அவர் எழுந்து வருவதற்குள் நான் அடுத்த பழத்தோடு மறுபடி துண்டை எடுத்துவிட்டேன். தட்டு நிறைந்திருக்கிறது, உறங்கினேன். மார்த்தாண்டத்துத் தம்பி வந்தான், அவனுக்கும் இடமில்லை, உறங்கினான். இப்போது அக்கா துண்டை எடுத்துப் பழத்தை எடுத்தார். தட்டு காலி. சார் ஒருவரைத் தட்ட வேண்டும். உறங்குகிறவர்களில் முதலில் உறங்கியவர் அண்ணன். அவர் தோளைத் தட்டினார். அதற்குள் அக்கா அடுத்த பழத்துக்கு வந்தார், காலி, உறங்கினார். அண்ணன் துண்டை எடுத்துப் பார்த்தார், காலி, உறங்கினார்.

அவ்வளவுதான். அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நான்கு பேரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறோம். துண்டு மேசையில் கிடக்கிறது. ஃபேன் சத்தம் மட்டும். என் கையில் ஒரு பழம், தம்பி கையில் ஒரு பழம். சார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் ஒறங்கியாச்சு. தட்டு காலி. பழம் கையில இருக்கு. யாரு மேல குத்தம் சொல்லுங்க மக்களே?"

நான் கண்ணைத் திறந்தபோது என் இரவு இரண்டு மணி என் முன்னால் உட்கார்ந்திருந்தது. யார் மேலும் குற்றமில்லை. நான்கு பேரும் விதியை மீறவில்லை. எழுப்ப வேண்டியது பழம் வைத்திருப்பவரை, எழுப்பியது பழம் எடுக்க வந்தவரை. அவர் பார்த்துவிட்டுப் பேசாமல் மறுபடி உறங்கிவிட்டார். வந்த செய்தி தவறான ஆளிடம் போய், அங்கேயே தொலைந்தது.

அன்று இரவே வீட்டுக்கு வந்து போன வருடம் எடுத்து வைத்திருந்த ஜேஸ்டாக் கோப்பைத் திறந்தேன். ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா நிரலில் ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் கருவி அது. போன வருடமே இதை எடுத்தேன், பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று மூடி வைத்தேன். டெட்லாக் இருந்தால் ஜேஸ்டாக் தானே கண்டுபிடித்துச் சொல்லும், இதில் சொல்லவில்லை. 16 த்ரெட்டுகளும் காத்திருக்கின்றன, வேலை வரவில்லை போலும் என்று நினைத்திருந்தேன். ஜேஸ்டாக் கண்டுபிடிப்பது நான் பூட்டிய பூட்டுக்கு நீ காத்திருக்கிறாய், நீ பூட்டிய பூட்டுக்கு நான் காத்திருக்கிறேன் என்ற வட்டத்தை. இங்கே யாரும் எந்தப் பூட்டையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. எல்லோரும் பூட்டை விட்டுவிட்டுத்தான் உறங்குகிறார்கள். அது எப்படிச் சொல்லும்?

ஆனால் வரி எண்களைப் பார்த்தால் தெரிகிறது. வாங்கும் 12 த்ரெட்டுகளும் கியூவில் இடமில்லை என்று காத்திருக்கும் வரியில் நிற்கின்றன. எழுதும் 4 த்ரெட்டுகளும் கியூவில் சரக்கு இல்லை என்று காத்திருக்கும் வரியில் நிற்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. ஒரு வருடமாக என் கணினியிலேயே விடை இருந்திருக்கிறது. பத்து நிமிடக் கணக்கில் எல்லாக் காற்றாலைகளும் ஒரே விநாடியில் தரவு அனுப்பும்போது 12 பேரும் சேர்ந்து வந்து மோதுகிறார்கள். ஆடியில் எச்சரிக்கைகளும் கொத்தாக வருவதால் அந்த மோதல் கூடுகிறது. கொள்ளளவு 2, எழுதுவோர் 4 என்பதும் இந்த விபத்துக்கு நன்றாகவே இடம் கொடுத்திருந்தது.

திங்கட்கிழமை நோட்டிஃபை என்று இருந்ததை நோட்டிஃபை ஆல் என்று மாற்றினேன். ஒரு சொல். எல்லோரையும் எழுப்பினால் தேவையில்லாதவர்கள் பார்த்துவிட்டு மறுபடி உறங்கப் போவார்கள், கொஞ்சம் வீண் வேலை, ஆனால் யாரும் விடுபட மாட்டார்கள். ஆறாவது வாரம் முடிந்ததும் அந்தப் பழைய கியூ நிரலையே தூக்கிவிட்டு, ஜாவாவோடு ஆயத்தமாக வரும் அரே பிளாக்கிங் கியூவைப் போட்டேன். 2004இல் ஜாவா 5 வந்தபோது டக் லீ என்ற கணினி அறிஞர் தலைமையில் செய்த நூலகத்தில் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) வந்தது அது. அதன் உள்ளே ஒரு பூட்டு, இரண்டு தனித்தனிக் காத்திருப்பு வரிசைகள்: இடம் வேண்டுபவர்களுக்கு ஒன்று, சரக்கு வேண்டுபவர்களுக்கு ஒன்று. வைப்பவர் சரக்குக்காரர்களின் வரிசையில் இருந்து மட்டும் ஒருவரை எழுப்புவார். தவறான ஆளை எழுப்ப வழியே இல்லை. என் அறுபது வரி போய் ஆறு வரி வந்தது. இந்த ஆடி முழுக்க எனக்கு இரவில் ஒரு போன்கூட வரவில்லை.

நூலகத்தில் இருப்பதைக் கடைசியில் பயன்படுத்துவதற்கு எதற்கு இத்தனை வாரம் என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தட்டையும் துண்டையும் பார்க்காமல் அந்தக் கியூவைப் போட்டிருந்தால் பிழை போயிருக்கும், ஏன் போனது என்று தெரிந்திருக்காது. அடுத்த இடத்தில் அதே தவறை வேறு வடிவத்தில் எழுதியிருப்பேன்.

வரலாற்றையும் நன்றாகச் சொல்லித் தருகிறார், பாடத்தோடு ஒட்டியே. கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965இல் செமஃபோர் (எத்தனை பேர் உள்ளே போகலாம் என்று எண்ணிக் கட்டுப்படுத்தும் கருவி) பற்றி எழுதியதைச் சொல்லும்போது ஒற்றைத் தண்டவாளத்தில் ரயில் ஓட்டுநர் டோக்கன் வாங்கிக்கொண்டு போவதைச் சொன்னார். டோக்கன் ஒன்றுதான், அது கையில் இருந்தால்தான் அந்தப் பாதையில் போகலாம். எழுந்த த்ரெட் ஏன் ஒரு தடவை மட்டும் சோதிக்கும் இஃப் போடாமல், திரும்பத் திரும்பச் சோதிக்கும் வைல் போட்டு மறுபடி சோதிக்க வேண்டும் என்பதை அதுவரை யாரும் எனக்குக் காரணத்தோடு சொன்னதில்லை. ஹோர் என்ற அறிஞர் 1974இல் எழுதிய மானிட்டரில் (பூட்டும் காத்திருப்பும் சேர்ந்த அமைப்பு) எழுப்பப்பட்டவருக்கு உடனே பூட்டு கைக்கு வந்துவிடும். நடுவில் யாரும் புக முடியாது. 1980இல் லாம்ப்சனும் ரெடெல்லும் மெசா மொழி பற்றி எழுதியபோது எழுப்புவதை வெறும் குறிப்பாக வைத்தார்கள்: "ஏதோ மாறியிருக்கலாம், எழுந்து நீயே பார்த்துக்கொள்." ஜாவா பின்பற்றுவது இந்த இரண்டாவது வழியை. எழுந்து வருவதற்குள் வேறொருவர் பழத்தை எடுத்திருக்கலாம். அதனால் வைல். "எந்திச்சு வந்தவன் தட்டைப் பாக்காம கைய நீட்டக்கூடாதுலா" என்றார் சார்.

1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கதையை ஏழாவது வாரம் சொன்னார். அங்கே இறங்கிய பிறகு கணினி தானாக ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தது. வானிலைத் தரவு சேகரிக்கும் முன்னுரிமை குறைந்த வேலை ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. அதே பூட்டுக்காக முன்னுரிமை மிகுந்த வேலை காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமை வேலை ஒன்று வந்து வானிலை வேலையை ஓட விடாமல் செய்ததால் பூட்டு திரும்பி வரவே இல்லை. முக்கிய வேலை நேரத்துக்கு முடியவில்லை என்று கண்காணிப்பு நிரல் எல்லாவற்றையும் ரீசெட் செய்தது. பூட்டைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதியை பூமியிலிருந்தே இயக்கிச் சரி செய்தார்கள். காற்றின் தரவைச் சேகரிக்கும் என் வேலைக்கும் அதற்கும் இவ்வளவு நெருக்கம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இனி குறைகள்.

எட்டாவது வாரம் மிகவும் அவசரம். கோ மொழியின் சேனல்களும் ஜாவா 21இல் 2023இல் நிலையான வசதியாக வந்த வர்ச்சுவல் த்ரெட்டுகளும் (எடை குறைந்த த்ரெட்டுகள்) ஒரே மதியத்தில் வந்தன. சேனல் பகுதி பரவாயில்லை. பொதுவான தட்டை வைத்துப் பூட்டிக்கொள்வதை விட, கையிலிருந்து கைக்கு நேராகப் பழத்தைக் கொடுப்பது என்று காட்டினார், பிடித்தது. எங்கள் நால்வர் உறக்கத்தையே கோ மொழியில் எழுதிக் காட்டினார். எல்லா கோரூட்டீன்களும் (கோ மொழியின் த்ரெட்டுகள்) உறங்குகின்றன, டெட்லாக் என்று சொல்லி நிரல் தானாகவே விழுந்தது. அதைப் பார்த்தபோது ஜாவா மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் வந்தது உண்மை. ஆனால் வர்ச்சுவல் த்ரெட்டுக்கு அரை மணி நேரம் போதவே போதாது. இன்று புதிதாக எழுதுகிறவர்களுக்கு அதுதான் முதலில் கைக்கு வரும். அதற்கு ஒரு முழு ஞாயிறு வேண்டும். சாரிடமும் சொன்னேன்.

இப்படிப்பட்ட நிரலை எப்படிச் சோதிப்பது என்பது வகுப்பில் இல்லவே இல்லை. பழத்தட்டு நாடகத்தில் வரிசையை சார் பார்த்துக்கொண்டார், நிஜத்தில் அந்த வரிசையை வேண்டுமென்றே எப்படி வரவழைப்பது? இந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்தேன். வீட்டுப்பாடம் கொடுக்கிறார், திருத்தித் தர இரண்டு வாரம் ஆகிறது. குறிப்புகள் ஆங்கிலத்தில், கையெழுத்தில். பேசுவது நல்ல தமிழில் இருக்கும்போது குறிப்பையும் தமிழில் கொடுத்தால் பாலிடெக்னிக் படித்து வருகிற பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும். வகுப்பைப் பதிவு செய்து தருவதில்லை. எங்கள் பேட்சில் ஒருவர் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் இரண்டு ஞாயிறு விட்டார். அவர் கடைசி வரை எட்டிப் பிடிக்கவே இல்லை.

சான்றிதழ் கிடையாது, வேலைக்கு ஏற்பாடு கிடையாது. நிரல் எழுதவே இனிமேல்தான் பழக வேண்டும் என்றால் இப்போது போக வேண்டாம். ஒரு வருடமாவது ஜாவா எழுதி, ஒரு தடவையாவது காரணம் தெரியாமல் எதையாவது ரீஸ்டார்ட் செய்தவர்கள் போகலாம். அவர்களுக்கு 4,000 ரூபாய் குறைவு என்றே சொல்வேன். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், குறைந்த அரை எட்டாவது வாரத்துக்கு.

நாலு மணிக்குக் கீழே உள்ள கடையிலிருந்து டீயும் ரசவடையும் வரும், அது கட்டணத்திலேயே அடக்கம். மாடிப்படி செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்கள் கவனிக்கவும். அடுத்த பேட்ச் ஆயுத பூஜை கழிந்து தொடங்குகிறது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு இடம் சொல்லி வைத்துவிட்டேன். லேப்டாப்பை முழுக்கச் சார்ஜ் செய்துகொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். அந்த அறையில் ஒன்பது பேருக்கு மூன்று பிளக் பாயிண்ட்தான் இருக்கிறது.